படகு எஞ்சினில் புகும் நீர்

நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து எழுதிவிடுவதில்லை. நாடி பார்க்கிறார்; நாக்கை நீட்டச் சொல்கிறார்; எப்போது தொடங்கியது என்று வினவுகிறார். இயந்திரத்தின் நோய்க்கும் இம்முறையே பொருந்தும். இதனை எனக்கு விளங்க வைத்தவன் என் பழைய மாணவன் ஒருவன்.

35 ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், பாக் நீரிணைக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். எஞ்சின் தொழிலை முறையாகக் கற்றவன் அல்லேன். ஒரு மழைக்கால மாலையில் அம்மாணவன் வாடிய முகத்தோடு வந்தான். அவனுடையது ஒரு நாட்டுப் படகு; அதன் பின்பலகையில் இரண்டு சிலிண்டர் கொண்ட சிறிய அவுட்போர்டு எஞ்சின். அது கரையில் ஒழுங்காக ஓடும். கடலில் அலை எழுந்ததும் இருமி இருமி நின்றுவிடும். முதல் நாள் அவ்வாறே நின்றுபோக, அவனும் அவன் தம்பியும் வாடைக் காற்றை எதிர்த்து இரவு முழுவதும் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்திருந்தார்கள்.

"ஐயா, எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது, தலைப் பகுதியைப் பிரித்து முழுவதும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டிலுள்ளவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கப் போகிறேன்" என்றான். பெட்ரோல் விற்றவரே நீர் கலந்துவிட்டார் என்று அவரோடும் பூசலிட்டிருந்தான்.

"தம்பி, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்ததா?" என்று கேட்டேன். அவனிடம் விடையில்லை.

நேயர்களே, இத்தகைய எஞ்சினில் நீர் புகும் வழிகள் முக்கியமாக மூன்று. ஒன்று, எரிபொருளோடு வருவது. இரண்டு, எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் கடல்நீர், பழுதுற்ற கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் கசிவது. மூன்று, கீழேயுள்ள கியர் பெட்டிக்குள் சீல் வழியாக நுழைவது. மூன்றுக்கும் அடையாளங்கள் வேறு, செலவும் வேறு.

முதலில் ஸ்பார்க் பிளக்குகள் இரண்டையும் கழற்றினோம். கேஸ்கெட் பழுதானால் பெரும்பாலும் ஒரு சிலிண்டரே முதலில் பாதிக்கப்படும். உள்ளே நீராவி எழுந்து கரியைக் கழுவிவிடுவதால், அந்தப் பிளக் மட்டும் புதியதுபோல் பளிச்சிடும்; சில நாள் கிடந்தால் துருவேறும். இங்கோ இரண்டு பிளக்குகளும் ஒரே நிறமாய்க் கரியோடு இருந்தன. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது இரண்டு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. எனவே ஐயம் எரிபொருளின் மேல் திரும்பிற்று.

தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிச் சீசாவில் வடித்து அசையாமல் வைத்தோம். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்கும். சற்று நேரத்தில் இரண்டு அடுக்குகளும் நடுவே ஒரு கோடும் தெரிந்தன. அடியிலிருப்பது நீர்தானா என்று காண, மேலிருந்து சில சொட்டு நீர் விட்டேன். அது நேரே இறங்கி அடியடுக்கோடு ஒன்றாயிற்று. இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. அது சிறிதளவு நீரைத் தன்னுள் ஏற்கும். அளவு மிஞ்சினால் நீரோடு சேர்ந்து கீழே பிரிந்துவிடும்.

கரையில் ஓடி, கடலில் நின்ற புதிரும் அவிழ்ந்தது. படகு அசையாதபோது நீர் தொட்டியின் அடியிலேயே கிடந்தது. அலையில் குலுங்கியதும் குழாயின் வாய்க்கு எழுந்தது. ஆயினும் ஊகம் முடிவாகாது. கார்புரேட்டரையும் வடிகட்டியையும் துடைத்து, அதே கடையில் புதிதாக வாங்கிய பெட்ரோலை வேறொரு சுத்தமான கேனில் ஊற்றி இணைத்தோம். அலையில் ஒரு மணி நேரம் ஓட்டியும் எஞ்சின் நிற்கவில்லை. எஞ்சினும் கடையும் ஒருங்கே குற்றமற்றவை என்று தெளிந்தது. தொட்டி மூடியின் காற்றுத் திருகைத் திறந்தபடியே மழையில் விட்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் மூன்றாவது வழியையும் பார்த்துவிடுவோம் என்று கியர் பெட்டியின் கீழ்த்திருகைத் தளர்த்தினோம். வந்த எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது! விசிறியைக் கழற்றினால், தண்டைச் சுற்றி இறுகக் கிடந்தது ஒரு தங்கூசி நரம்பு. அது சீலின் உதட்டை அறுத்திருந்தது. கவனியாது விட்டிருந்தால் பல்சக்கரங்களும் தாங்கிகளும் துருவேறிப் பாழாகியிருக்கும். சீலை மாற்றிப் புது எண்ணெய் இட்டதோடு அதுவும் தீர்ந்தது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சிலிண்டரில் நீர் நிறைந்து கயிறு இழுபடாமல் இறுகினால், வலிந்து இழுக்காதீர்கள். காற்றைப் போல் நீர் அழுந்தாது. உள்ளேயுள்ள தண்டு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே சுழற்றுங்கள். பெட்ரோலைச் சோதிக்குமிடத்தில் பீடியும் விளக்கும் வேண்டா.

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. பெட்ரோல் விற்றவரிடம் என் மாணவன் தானே சென்று வருத்தம் தெரிவித்தான். முன்னதைவிடப் பின்னதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. சோதித்துப் பாராமல் குற்றம் சாட்டுதல் இயந்திரத்துக்கும் தீங்கு, மனிதருக்கும் தீங்கு.