பழைய வண்டியும் வேகங்காட்டும் முள்ளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. நாமோ இன்று இயந்திரத்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். வடாலாவின் குடியிருப்புகளில் தந்தை ஓட்டிய மோட்டார் சைக்கிளை மகன் ஓட்டும் வீடுகள் உண்டு. அத்தகைய வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் முழங்கும், விளக்கு எரியும், வேகமானியின் முள் மட்டும் பூச்சியத்திலேயே உறங்கும். “காதுக்கே வேகம் தெரியும், முள் எதற்கு?” என்பார் பலர். காது போதாது என்பதும், முள்ளை எழுப்புதல் எளிது என்பதுமே நாம் சொல்ல விழைவன.

இவ்வண்டிகளுள் நம் உள்ளத்திற்கு நெருங்கியது புல்லட். 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது. தமிழ் மண்ணில் நிற்கவில்லை. ஆதலின் அவ்வண்டியைப் பேணுவது, நம் நாட்டுத் தொழிலாளியின் கைத்திறத்தைப் பேணுவதுமாகும்.

வேகமானி இயங்கும் விதத்தை முதற்கண் காண்போம். முன்சக்கரத்தின் குடத்தருகே சிறு பற்சக்கரப் பெட்டி ஒன்றுண்டு. சக்கரத்தின் சுழற்சியை அது கேபிளின் உட்கம்பிக்கு அளிக்கிறது. கம்பி உறைக்குள் சுழன்று, மேலே கருவிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் அருகிலுள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடுவதில்லை. எனினும் கிண்ணத்தில் எழும் சுழல் மின்னோட்டம் அதனை உடனிழுக்கிறது. மயிரிழை போன்ற சுருள்வில் எதிர்த்து நிறுத்துகிறது. இவ்விரு விசைகளும் ஒத்து நிற்கும் இடமே முள் காட்டும் வேகம். 1902ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற முறை இது.

புல்லட்டின் 19 அங்குலச் சக்கரம் 1 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 முறை சுழலும். ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால் 24 இலட்சம் சுற்றுகள்! இத்துணை உழைப்புக்கும் அப்பெட்டி கேட்பது சிறிது கிரீஸ் மட்டுமே.

முள் அசையாவிடின், கிலோமீட்டர் எண்களைப் பாருங்கள். எண் நகர்ந்து முள் நகராவிடின் நோய் கருவிக்குள் இருக்கிறது. அதனைக் கருவி பழுது பார்ப்பவரிடமே கொடுங்கள். இரண்டும் நின்றிருப்பின், கேபிளின் மேல்முனையைக் கழற்றி, முன்சக்கரத்தை உயர்த்திக் கையால் சுழற்றுங்கள். உட்கம்பி சுழன்றால் பெட்டி நலம். கம்பியின் சதுரமுனை தேய்ந்துள்ளதா என்று நோக்குங்கள். சுழலாவிடின் கம்பியை உருவிப் பாருங்கள். அறுந்திருப்பின், அறுந்த காரணத்தையும் ஆராய வேண்டும். கருவி உள்ளே இறுகியிருந்தால் புதுக்கம்பியும் அறுந்துபோம்.

அறாத கம்பியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கண்ணாடிமேல் உருட்டுங்கள். துள்ளினால் வளைந்துள்ளது என்று பொருள். முள் நடுங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். சீராக உருண்டால் மெல்லக் கிரீஸ் பூசுங்கள். மேல்முனையில் நான்கு விரற்கடை உலர்ந்தே இருக்கட்டும். சுழலும் கம்பி, திருகாணிபோல், கிரீஸைக் கருவிக்குள் ஏற்றிவிடும். கேபிளை ஒடுக்கமாக வளைத்துக் கட்டுதலும் ஆகாது.

பஞ்சர் ஒட்டியபின் சக்கரத்தை மாட்டும்போது, பெட்டியின் காதுகள் குடத்தின் பள்ளங்களில் அமர்ந்தனவா என்று கண்டபின்னரே அச்சை முறுக்குக. அமராமல் முறுக்கினால் காதுகள் நசுங்கும்.

மும்பை மழையை நாம் அறிவோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அத்தகைய நாள் அரிதே. ஆயினும் தேங்கிய நீரில் வண்டி செலுத்தாத மழைக்காலம் உண்டோ? நீர் புகுந்த பெட்டியில் கிரீஸ் பால்போல் வெளுக்கும். பின் பற்கள் துருவேறும். ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனமிடுகிறோம். அதற்கு முன்னாளில் இப்பெட்டியைத் திறந்து கழுவிப் புதுக் கிரீஸ் இடுவதும் பூசையே!

இத்தனையும் ஒரு முள்ளுக்காகவா எனக் கேட்கலாம். வேகமானி வேண்டுமென்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது. 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க, ஆய்வுக்கு அதனைக் காட்டவும் வேண்டும். சட்டத்தினும் பெரிது ஒன்றுண்டு. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்மடங்காகும். பழைய டிரம் பிரேக்கின் வலிமையோ சிறிது. பல்லாண்டு பழகிய தந்தையின் காது எஞ்சின் ஒலியில் வேகத்தை உணரலாம். நேற்று உரிமம் பெற்ற மகனின் காது உணராது. புல்லட்டின் நிதானமான முழக்கம் அவனை எளிதில் ஏமாற்றும்.

ஆதலின், பெரியோர்களே, பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்குமுன் அந்த முள்ளை எழுப்பிக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுது அதற்குப் போதும். இளைஞர்களே, அருகமர்ந்து அவ்வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.