மிதிவண்டி சுமந்து வந்த செய்தி

(இரத்தம், எலும்பு மஜ்ஜை, உடலுறுப்பு தானம் குறித்து விழிப்புணர்வூட்டும் மிதிவண்டிப் பயணக் குழு, கெடா மாநில ரப்பர்த் தோட்டமொன்றை அடைந்தபொழுது, அக்குழுவில் ஒருவராக வந்த தகவல் அதிகாரி தோட்டப் பொது மண்டபத்தில் ஆற்றிய உரை.)



பொழுது புலருமுன் புறப்பட்டு, நான்கு தோட்டங்களைக் கடந்து, செம்மண் பாதையின் புழுதியைத் தலைமுதல் கால்வரை பூசிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறோம். வந்தவுடன் மோர் கொடுத்து எங்கள் களைப்பைத் தீர்த்த மாதர்களுக்கு முதற்கண் நன்றி கூறுகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு. குழுவிலுள்ள இளைஞர்கள் மேட்டில் பறந்தார்கள். நானோ மூன்று மேடுகளில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். அதனை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் வந்தவர்கள் எப்படியும் சொல்லிவிடுவார்கள்.

வழியில் பால்வெட்டு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியார் எங்களை நிறுத்தி, "ஏன் ஐயா, காரில் வந்து பேசிவிட்டுப் போனால் ஆகாதா? இந்த வெயிலில் இது எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காரில் சென்றிருந்தால் அந்த அம்மையாரை நான் சந்தித்திருக்க மாட்டேன் என்பதே என் விடை. கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துபோகும். மிதிவண்டியை யாரும் கைகாட்டி நிறுத்தலாம். நாங்கள் கொண்டுவந்திருக்கும் செய்தி நின்று, முகம் பார்த்து, கேள்விக்கு விடை சொல்லிப் பேச வேண்டிய செய்தி.

மேலும், மிதிவண்டிக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் என்பவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காகக் காற்றடைத்த ரப்பர் டயரை உருவாக்கினார். முதலில் மிதிவண்டியும் பிறகு மோட்டார் வண்டியும் அந்த டயரில் ஓடத் தொடங்கின, உலகுக்கு ரப்பர் மிகுதியாகத் தேவைப்பட்டது, காடுகள் தோட்டங்களாயின, நம் பாட்டனாரும் பாட்டியாரும் கப்பலேறி வந்து இறங்கினர். ஆதலின் மிதிவண்டி நமக்கு அயலானன்று.

மிதிவண்டியில் இச்செய்தியைச் சுமந்து செல்வது நாங்கள் கண்டுபிடித்ததும் அன்று. ஜெர்மனி நாட்டில் மாற்றுறுப்புப் பெற்று உயிர்பிழைத்தவர்களே ஆண்டுதோறும் ஒன்றுகூடி, மருத்துவமனையிலிருந்து மருத்துவமனைக்குப் பல நூறு கிலோமீட்டர் மிதிவண்டியில் செல்கின்றனர். பிறருடைய சிறுநீரகத்தோடு, பிறருடைய கல்லீரலோடு, பிறருடைய இருதயத்தோடு அவர்கள் மேடு ஏறுகின்றனர். தங்களைக் காத்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் நன்றி கூறுவதும், வழியிலுள்ள ஊராரைச் சிந்திக்க வைப்பதுமே அப்பயணத்தின் நோக்கம். மாற்றுறுப்புப் பெற்றோருக்கென உலக விளையாட்டுப் போட்டியே நடைபெறுகிறது. 1978-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் தொடங்கிய அப்போட்டி, 1989-இல் நம் அண்டை நாடான சிங்கப்பூருக்கும் வந்தது. ஓட்டமும் நீச்சலும் போல மிதிவண்டிப் பந்தயமும் அதில் உண்டு. மாற்றுறுப்புப் பெற்றவர் கட்டிலோடு கிடப்பவர் என்று எண்ணியிருப்போர் அதனைக் கண்டால் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வர்.

முதலில் இரத்தத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். உங்களுக்கு இதனை விளக்குவது எளிது, நகரத்தாருக்குத்தான் கடினம். பால்மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறீர்கள். வடிந்த பால் மீண்டும் ஊறுகிறது. வெட்டிய பட்டை மீண்டும் வளருகிறது. ஆனால் நாள்தோறும் வெட்டினாலோ, கத்தி ஆழமாக இறங்கினாலோ மரம் கெட்டுப்போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரத்ததானமும் அவ்வாறே. ஒருமுறை எடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலிட்டர். அதிலுள்ள நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் முழுமையாகத் திரும்பச் சில வாரங்கள் ஆகும். அதனாலேதான் ஒருமுறை கொடுத்தவரை மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். மரத்துக்குக் கொடுக்கும் ஓய்வை மனிதனுக்கும் கொடுக்கிறார்கள்.

இங்கே எங்கள் குழுவின் அறியாமை ஒன்றையும் சொல்லவேண்டும். முதலில் நாங்கள் போட்ட திட்டம் என்ன தெரியுமா? காலையில் அனைவரும் இரத்தம் கொடுப்பது, உடனே மிதிவண்டியில் ஏறிப் புறப்படுவது. எத்துணை அழகான காட்சி! புகைப்படம்கூட எடுத்திருக்கலாம். மாவட்ட மருத்துவமனையிலிருந்து வந்த தாதி ஒருவர் அதனைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "இரத்தம் கொடுத்த அன்று வெயிலில் மிதித்தால் பாதிப் பேர் மயங்கி வடிகாலில் கிடப்பீர்கள்" என்றார். தசைகளுக்கு உயிர்க்காற்றைச் சுமந்து செல்வது சிவப்பணு. அது குறைந்திருக்கும் நாளில் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். மிதித்துக் களைத்து, உடலில் நீர் வற்றியிருக்கும்பொழுது இரத்தம் கொடுப்பதும் நன்றன்று. ஆகவேதான் பயணம் இந்த ஞாயிறு; இரத்ததானம் அடுத்த ஞாயிறு.

கொடுத்த இரத்தம் எங்கே போகிறது? மகப்பேற்றின்போது இரத்தம் பெருகி மயங்கிய தாய்க்கும், சாலையில் அடிபட்டவனுக்கும், புற்றுநோய் மருத்துவம் பெறுபவருக்கும், தலசீமியா என்னும் பிறவி இரத்தக் குறைபாட்டினால் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டே வளரவேண்டிய குழந்தைக்கும் போகிறது. இதனை ஆலையில் செய்யமுடியாது. நெடுநாள் சேமித்து வைக்கவும் முடியாது. சிவப்பணுக்களை ஐந்தாறு வாரங்கள் வைத்திருக்கலாம். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களோ ஏறத்தாழ ஐந்தே நாளில் பயனற்றுப்போகும். விழாக்காலத்தில் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவதால் கொடுப்போர் குறைகின்றனர். அதே நாட்களில்தான் சாலையில் விபத்துகள் மிகுகின்றன.

தாய்மார்களுக்கு ஒரு சொல். உங்களுள் சிலரை, இரத்தத்தில் இரும்புச் சத்துப் போதவில்லை என்று திருப்பியனுப்புவார்கள். அதற்காக வெட்கப்பட வேண்டா. உடலின் குறை ஒன்றினைச் செலவின்றி அறிந்துகொண்டீர்கள். மருத்துவரைப் பாருங்கள், வேலியோரத்து முருங்கைக்கீரையையும் மறந்துவிடாதீர்கள். ஆடவர்களுக்கும் ஒரு சொல்: முதல்நாள் மது அருந்தியவர் வரிசையில் நிற்கவேண்டா; இரவு கண்விழித்தவரும் வேண்டா.

அடுத்து எலும்பு மஜ்ஜை. மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய பசை அடுக்கு ஒன்று உண்டல்லவா? கத்தி அதனைத் தீண்டக்கூடாது என்று உங்களுக்கு முதல்நாளே கற்றுக்கொடுத்திருப்பார்கள். புதுப்பட்டையை உண்டாக்குவது அதுவே. நம் உடம்பில் இரத்தத்தை உண்டாக்குவது எலும்பினுள் இருக்கும் மஜ்ஜை. இரத்தப் புற்று முதலிய நோய்களில் அது பழுதடைந்துவிட்டால், சிலருக்குப் பிறரிடமிருந்து நல்ல மஜ்ஜை அணுக்களைப் பெற்று ஊன்றுவதே வழி. ஆனால் எவருடையதும் எவருக்கும் பொருந்திவிடாது. உடன்பிறந்தார் ஒருவருடையது பொருந்துவதற்கே நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். வீட்டில் பொருந்தவில்லையென்றால், பெயர் பதிந்திருக்கும் அயலாருள் தேடவேண்டும். அங்கே ஓர் உண்மை நம்மைச் சுடுகிறது: பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனத்தாரிடையேதான் அமைகிறது. நம் இனத்துக் குழந்தைக்குப் பொருத்தமானவர் நம்மிடையேதான் பெரும்பாலும் இருப்பார். நாம் பெயர் பதியாவிட்டால் மருத்துவர் எங்கே போய்த் தேடுவார்?

"முதுகெலும்பில் ஊசி போடுவார்கள், கை கால் விளங்காமல் போய்விடும்" என்றொரு பேச்சு தோட்டந்தோறும் உலவுகிறது. அது பொய். இக்காலத்தில் பெரும்பாலும், நாலைந்து நாள் ஊசிமருந்து செலுத்தி, பிறகு கையிலுள்ள நரம்பின் வழியாகவே இரத்தத்தைக் கருவிக்குள் செலுத்தி, வேண்டிய அணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு எஞ்சியதை உடம்புக்கே திருப்பிவிடுகிறார்கள். சில வேளைகளில் மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதுண்டு. சில நாள் வலி இருக்கும். இல்லையென்று நான் சொல்லமாட்டேன். முதுகுத் தண்டை யாரும் தொடுவதில்லை.

இனி உடலுறுப்பு தானம். இதனைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு உண்டா என்பதை, நான் சொல்லப்போவதைக் கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்பொழுது நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். என் தம்பிக்கு இருபத்துநான்கு வயது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன் லாரியில் மோதிவிட்டான். மூன்று நாள் இயந்திரத்தின் துணையோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மருத்துவ நிபுணர்கள் இருமுறை சோதித்துப் பார்த்து, மூளை முற்றிலும் செயலிழந்துவிட்டது, இனி மீள வழியில்லை என்று சொன்னார்கள். பிறகு ஓர் அம்மையார் வந்து அமர்ந்தார். மிகவும் தணிந்த குரலில், உறுப்புகளைத் தானம் செய்ய எங்களுக்கு விருப்பமுண்டா என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். மூத்தவன் நான், படித்தவன் நான். ஒரு நிமிடமும் ஆகவில்லை. "வேண்டாம். அவன் முழுதாகப் போகட்டும்" என்றேன். அந்த அம்மையார் வற்புறுத்தவில்லை. எழுந்து, அம்மாவின் கையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

கருமாதி முடிந்தபின் அவனுடைய சட்டைப்பையிலிருந்த பொருள்களை எடுத்துப் பார்த்தோம். இரத்ததானப் பதிவுப் புத்தகம் ஒன்று இருந்தது. பதினோரு முறை கொடுத்திருந்தான். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பதினோரு முறை தன் இரத்தத்தைக் கொடுத்தவன், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? நான் அவனுடைய விருப்பத்தைச் சொல்லவில்லை. என்னுடைய அச்சத்தைச் சொன்னேன். அம்மா என்னை ஒருநாளும் குறைகூறியதில்லை. பல ஆண்டுகள் கழித்து, தமக்குக் கண்புரை அறுவை முடிந்து கட்டு அவிழ்த்த அன்று மட்டும், "அவன் கண்ணையாவது கொடுத்திருக்கலாம் தம்பி" என்றார்.

நம் நாட்டில் இம்மருத்துவம் புதிதன்று. 1975-இலேயே கோலாலம்பூர் மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று நடைபெற்றது. தேசிய இருதயக் கழகத்தில் முதல் இருதய மாற்று 1997-இல் நடந்தது. 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் நாடே செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது நினைவிருக்கிறதா? பதினான்கு வயதுச் சீனச் சிறுமி ஒருத்தி, இயந்திரத்தின் துணையால் ஏறத்தாழ ஓராண்டு உயிர்வாழ்ந்தாள். விபத்தில் மாண்ட மலாய்ச் சிறுவன் ஒருவனின் இருதயத்தை அவனுடைய பெற்றோர் ஈந்தனர். அவளுடைய உடல் அதனை ஏற்கவில்லை. அதனையடுத்து உடனடியாக வேறொரு குடும்பம் தம் பிள்ளையின் இருதயத்தை ஈந்தது. அது துடித்தது. அந்த மலாய்ப் பெற்றோரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நான் இருந்த அதே நாற்காலியில் அவர்களும் இருந்தார்கள். அவர்கள் "சரி" என்றார்கள்.

சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டிருப்போர் இந்நாட்டில் 50,000 பேருக்கும் மேல். நீரிழிவே தலையாய காரணம். நீரிழிவோ நம் மக்களிடையே மற்ற இனத்தாரைவிட மிகுதி. இத்தோட்டத்திலும் வெள்ளாப்பில் எழுந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வண்டி பிடிப்பவர் இருப்பார். பெறும் வரிசையில் நம்மவர் நிறைய நிற்கிறார்கள். கொடுக்கும் வரிசையையும் சற்றுத் திரும்பிப் பாருங்கள்.

"உறுப்பை எடுத்துவிட்டால் மறுபிறப்பில் குறையோடு பிறப்பான்" என்கின்றனர் சில பெரியவர்கள். நான் அவர்களோடு வாதிடுவதில்லை. கண்ணப்ப நாயனார் கதையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களே என்பதை மட்டும் நினைவூட்டுவேன். உடலை வெட்டிச் சிதைத்துவிடுவார்கள் என்று அஞ்சுவோர்க்கு: மற்ற அறுவை மருத்துவம் போலவே செய்து, தைத்து, உரிய மரியாதையோடு உடலைத் திருப்பித் தருகிறார்கள். கண் தானத்தில் கருவிழிப் படலத்தை எடுத்தாலும் முகத்தோற்றம் கெடுவதில்லை. பெயர் பதிந்தவனை மருத்துவர்கள் காப்பாற்ற முயலமாட்டார்கள் என்றும் சிலர் ஐயுறுகின்றனர். மூளைச்சாவை உறுதி செய்யும் மருத்துவர்கள் வேறு. உறுப்பு மாற்றும் குழுவினர் வேறு.

1974-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டத்தின்படி ஒருவர் தம் விருப்பத்தை எழுத்து மூலம் தெரிவித்து வைக்கலாம். இக்காலத்தில் மைசெஜாத்ரா செயலியிலேயே பதிவு செய்யலாம். கைப்பேசி பழகாதவர்கள் மருத்துவமனையில் படிவம் நிரப்பலாம். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆயினும் பதிந்ததோடு காரியம் முடிந்துவிடாது. அந்த நேரம் வரும்பொழுது மருத்துவர்கள் குடும்பத்தாரைத்தான் கேட்பார்கள். ஆகையால் இன்றிரவு சோறுண்ணும்பொழுது வீட்டில் சொல்லிவையுங்கள். "வேண்டாம்" என்பது உங்கள் முடிவானால் அதனையும் சொல்லிவையுங்கள். அம்முடிவைத் தாங்கும் சுமை உங்கள் அண்ணனுக்கு வேண்டா.

வெளியே ஆயாக்கொட்டகைத் தாழ்வாரத்தில் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். அடுத்த ஞாயிறு இரத்தம் கொடுக்க விரும்புவோர் இடப்பக்க மேசையில் பெயர் கொடுங்கள். எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அடையாள அட்டையை மறவாமல் கொண்டுவாருங்கள். மஜ்ஜை, உறுப்பு தானம் பற்றிக் கேட்க விரும்புவோர்க்கு வலப்பக்க மேசை. அங்கே அந்தத் தாதியே அமர்ந்திருக்கிறார். இரண்டு மணிக்கு நாங்கள் அடுத்த தோட்டத்துக்குப் புறப்படவேண்டும். வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு யாரிடமேனும் இருந்தால் கொடுத்துதவுங்கள். என் பின்சக்கரம் மெலிந்துவிட்டது.