கடலிலும் பதர் தூற்றுவோம்
(மேலூரில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மேலூரில் கடல் இல்லை, களம் உண்டு. பெரியாற்று நீரில் விளைந்த நெல்லைத் தூற்றிய கைகள் நம் கைகள். மணியை மட்டும் அறிந்தவனால் தூற்றவியலாது. பதரையும் காற்றையும் அறிந்தவனே தூற்றுவான். அவ்வறிவு கடலில் உயிர் காக்கும் என்பதே என் பேச்சு.

2017 நவம்பர் 30-இல் குமரிமுனையருகே கடந்த ஒக்கிப் புயலில் சிக்கிய மீனவர் பலர் வீடு திரும்பவேயில்லை. கடலில் மிதப்பவனுக்கு நீர்மேல் தெரிவது தலை ஒன்றே. அதன் வெப்பத்தை வானூர்தியின் அகச்சிவப்புக் கருவி காணக்கூடும். ஆனால், படத்தில் தெரிவது தலை மட்டுமா? அலைச்சரிவில் தெறிக்கும் ஞாயிற்றொளி, நுரை, முகில், சாய்ந்த பார்வையில் நீர் காட்டும் வானின் குளிர்ச்சி யாவும் தெரியும். கருவிக்குள் எழுவது இரைச்சல். காட்சியிலேயே கிடந்து ஏய்ப்பது பதர். கருவியின் வரம்பைத் தாழ்த்தினால் ஒவ்வோர் அலையும் ஆளாகும். உயர்த்தினால் ஆளும் அலையாவான்!

இப்பதருக்கும் ஒழுங்கு உண்டு. காக்சு, மங்கு என்னும் அறிஞர் இருவர் அவாயித் தீவுகளருகே வானூர்தியிலிருந்து கடலொளியைப் படமெடுத்து, 1954-இல் கணக்கை வெளியிட்டனர். காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினால் அலைச்சரிவின் பரவல் ஏறத்தாழ 10 பாகை. 10 மீட்டராயின் 13 பாகை. காற்றை அறிந்தால், ஒளி எங்கே எவ்வளவு தெறிக்கும் என்று முன்னரே கணித்துக் கழிக்கலாம். மேலும், அலையின் மின்னல் நொடிக்குள் மறையும். தலையோ அடுத்தடுத்த படங்களிலும் நிற்கும்.

எனினும், வேற்றுக்கடலின் கணக்கு மட்டும் நமக்குப் போதுமா? குளிர்கடலில் மனிதத் தலை பளிச்செனத் தெரியும். நம் கடல்நீரோ 28, 30 பாகை வெம்மையுடையது. நனைந்த தலைக்கும் அதற்கும் வேறுபாடு சிறிது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு அலைநீளத்தில் பகலொளி ஏய்க்கும். 8 முதல் 12 பங்கு அலைநீளத்தில் அவ்வேய்ப்புக் குறைவு. ஆனால், நம் ஈரக்காற்று அக்கதிரை விழுங்கும்.

ஆதலின், வங்கக்கடலையும் குமரிக்கடலையும் பருவந்தோறும், பகலிலும் இரவிலும், காற்றின் விரைவோடு சேர்த்து அளந்து வைத்தல் வேண்டும். புயல் வந்தபின் அளக்க நேரமிராது. களத்தில் பதரோடு போகும் ஒரு மணி நெல் இழப்பன்று. கடலில் பதரோடு போவது ஓர் உயிர். இளைஞர்களே, கணக்கைக் கற்று வாருங்கள்!

வெல்க தமிழர் அறிவு!