யாரும் ஜெயிக்காத விளையாட்டு: தோட்டத்துல ஒரு மீட்டர் கேஜ் நாள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். படிக்க வசதியா சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

சேலம் அம்மாபேட்டையிலிருந்து பேசறேன். இன்னைக்கு ரயில் பத்தி பேசப் போறோம். டிக்கெட், தட்கல், வந்தே பாரத் எதுவும் இல்லை. தோட்டத்துல, மண்ணு மேல, முழங்கால் உயரத்துக்கும் கீழே ஓடற குட்டி ரயில். அதை ஆறேழு பேர் சேர்ந்து, நிஜ ரயில்வே மாதிரியே டைம்டேபிள் போட்டு ஓட்டுவாங்க. வெளிநாட்டுல இதுக்கு 'ஆபரேட்டிங் செஷன்'னு பேரு. நாம 'ரயில் நடத்துற நாள்'னு சொல்லிக்குவோம்.

"பொம்மை ரயிலைப் பத்தி ஒரு எபிசோடா?"ன்னு கேக்கலாம். இதுக்குள்ள நம்ம ஊர் விஷயம் ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு. அம்மாபேட்டையிலிருந்து கிழக்கே போனா அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், அப்புறம் விருத்தாசலம். இந்தப் பாதை ரொம்ப காலம் மீட்டர் கேஜ்ல இருந்துச்சு. 2007-ல அகலப் பாதையா மாறுச்சு. மாறினது நல்லதுதான், அதுல சண்டை இல்லை. ஆனா பழைய தண்டவாளத்தோட சேர்ந்து ஒரு வேலைமுறையும் போயிடுச்சு. எஞ்சினை மியூசியத்துல நிறுத்தலாம். வேலையை எங்கே நிறுத்தி வைப்பீங்க? அதுக்குத்தான் இந்தக் குட்டி ரயில்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

இந்தியாவுல அகலப் பாதைன்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1676 மி.மீ. மீட்டர் கேஜ்னா 1000 மி.மீ. நாம 'நேரோ கேஜ்'னு சொல்றது அதுக்கும் கீழே இருக்கிற 762, 610 மி.மீ. பாதைகளை. உலகத்துல பல இடங்கள்ல 1435 மி.மீ.தான் ஸ்டாண்டர்ட். அதுக்குக் குறைஞ்சது எல்லாமே அவங்களுக்கு நேரோ கேஜ். அந்தக் கணக்குல நம்ம ஆத்தூர் லைனும் நேரோ கேஜ்தான்.

1968-ல ஜெர்மனியில நியூரம்பெர்க் ஊர்ல இருந்து லேமன் கம்பெனி 'எல்ஜிபி'ன்னு ஒரு மாடல் ரயிலைக் கொண்டு வந்துச்சு. தண்டவாள இடைவெளி 45 மி.மீ. ரயிலோட அளவு 1:22.5. அதாவது நிஜத்துல 22.5 மீட்டர் இருந்தா மாடல்ல 1 மீட்டர். இப்போ 45-ஐ 22.5-ஆல பெருக்குங்க. 1012.5 வரும். ஏறக்குறைய ஒரு மீட்டர்! ஐரோப்பாவோட மீட்டர் கேஜ் மலை ரயில்களை மனசுல வச்சுப் பண்ணின அளவு, நம்ம ஆத்தூர் லைனுக்கும் அப்படியே பொருந்துது. மழை, வெயில் தாங்கி வெளியில கிடக்கிற மாதிரி செஞ்சதால, தோட்டத்துல ரயில் விடற பழக்கம் அதுக்கப்புறம் நல்லாவே பரவுச்சு.

வேகத்தையும் வகுத்துப் பாருங்க. நிஜ வண்டி மணிக்கு 45 கி.மீ. போனா, குட்டி வண்டி 2 கி.மீ. நாம நடக்கிறதை விட மெதுவு. அதனால டிரைவர் ஒரு இடத்துல உக்காந்து பட்டனைத் தட்டறதில்லை. ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு வண்டி கூடவே நடப்பாரு.

சுத்திச் சுத்தி ஓட்டறதுல என்ன இருக்கு?

ஒரு வட்டம் போட்டு ரயிலை விட்டா, குழந்தைங்க பத்து நிமிஷம் பாப்பாங்க. பெரியவங்க அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் வண்டி சுத்திக்கிட்டே இருக்கும், எல்லாரும் டீ குடிக்கப் போயிடுவாங்க. ஏன்னா அந்த வண்டிக்கு எங்கேயும் போக வேண்டியது இல்லை.

1940-கள்ல அமெரிக்காவுல ஃபிராங்க் எலிசன்னு ஒரு மாடல் ரயில்காரர், இந்தப் பொழுதுபோக்கை நாடகத்தோட ஒப்பிட்டு எழுதினாரு. பாதைதான் மேடை, வண்டிகள்தான் நடிகர்கள், டைம்டேபிள்தான் கதை. நம்ம பக்கத்துக் கூத்தை நினைச்சுக்கோங்க. வேஷம் கட்டிட்டு சும்மா நின்னா கூத்து ஆகாது. யார் எப்போ வரணும், யாருக்கு யார் வழி விடணும்ங்கிறதுலதான் கதை இருக்கு.

ஒரு நாளை நடத்திப் பாப்போமா?

வாழப்பாடி பக்கம் ஒரு தென்னந்தோப்பு கிடைச்சிருக்குன்னு வச்சுக்குவோம். சேலம் டவுன்ல இருந்து ஆத்தூர் சுமார் 50 கி.மீ. 22.5-ஆல வகுத்தாலும் 2 கி.மீ.க்கு மேல வரும். அவ்வளவு தண்டவாளம் யாராலயும் போட முடியாது. அதனால மூணே மூணு ஸ்டேஷன்: சேலம் டவுன், வாழப்பாடி, ஆத்தூர். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 15 மீட்டர். வாழப்பாடியில மெயின் லைன், பக்கத்துல ஒரு லூப் லைன், சரக்கு இறக்க ஒரு சைடிங்.

ஆளுங்க ஏழு பேர். மூணு ஸ்டேஷனுக்கும் மூணு ஸ்டேஷன் மாஸ்டர். பாசஞ்சருக்கு ஒரு டிரைவர். கூட்ஸுக்கு ஒரு டிரைவர், ஒரு கார்டு. (நிஜ ரயில்வேயில 2022-ல இருந்து கார்டுக்கு 'டிரெயின் மேனேஜர்'னு பேரு. நம்மது பழைய காலத்து லைன், கார்டுன்னே இருக்கட்டும்.) ஏழாவது ஆள் கன்ட்ரோலர். அவர் திண்ணையில உக்காந்திருப்பாரு. வண்டி எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. போன்ல வர்ற தகவலை வச்சு பேப்பர்லதான் அவர் ரயிலைப் பாக்கணும்.

காலையில 7 மணிக்கு ஆரம்பிச்சு, வெயில் ஏறறதுக்கு முன்னால 9.30-க்கு முடிக்கணும். ரெண்டரை மணி நேரத்துல ஒரு முழு நாளை ஓட்டறது எப்படி? வேகக் கடிகாரம். அது ஆறு மடங்கு வேகமா ஓடும். நம்ம ரெண்டரை மணி நேரம், அதுல 15 மணி நேரம். விடிகாலை 5-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும். நீங்க பத்து நிமிஷம் அசந்தா ரயில்வேயில ஒரு மணி நேரம் போயிடும்.

அடுத்தது அட்டை. ஒவ்வொரு கூட்ஸ் வேகனுக்கும் ஒரு அட்டை. அதுல ஒரு பை. பைக்குள்ள ஒரு சீட்டு, அதுல நாலு பயணம் எழுதியிருக்கும். 'ஆத்தூர்ல ஜவ்வரிசி ஏத்தி சேலம் டவுன் போ'ன்னு ஒண்ணு. 'காலியா வாழப்பாடிக்குத் திரும்பு'ன்னு இன்னொண்ணு. ஒவ்வொரு நாள் முடியும்போதும் சீட்டைத் திருப்பி வச்சா அடுத்த பயணம் மேல வரும். எந்த வேகன் எங்கே போகணும்னு யாரும் மண்டையில வச்சுக்க வேண்டியதில்லை. அம்மாபேட்டையில தறி இருக்கிற வீட்டுல வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஜக்கார்டு அட்டையில ஓட்டை எங்கே இருக்கோ, அந்த இழைதான் எழும்பும். பூவோ மாங்காயோ, டிசைன் அட்டையில இருக்கு. இங்கேயும் அப்படித்தான். ரயில்வேயோட டிசைன் அட்டையில இருக்கு.

ஒரே ஒரு டோக்கன்

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஒத்தை லைன்ல ரெண்டு பக்கமிருந்தும் வண்டி வரும். மோதாம எப்படிப் பாத்துக்கிறது?

நிஜத்துல இதுக்கு டோக்கன் முறை. இந்தியாவுல ரொம்பப் பரவலா இருந்தது 'நீல்ஸ் பால் டோக்கன்' மெஷின். ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு மெஷின், ரெண்டுக்கும் மின் இணைப்பு. பக்கத்து ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுத்தாத்தான் இந்தப் பக்க மெஷின்ல இருந்து உலோகப் பந்து ஒண்ணு வெளியே வரும். ஒரு நேரத்துல ஒண்ணுதான் வெளியே இருக்க முடியும். அந்தப் பந்து கையில இல்லாம டிரைவர் வண்டியை எடுக்க மாட்டாரு. நிக்காம போற வண்டியில டோக்கனை ஒரு வளையத்துல கட்டி நீட்டுவாங்க, டிரைவர் ஓடற வண்டியில இருந்தே கையால வாங்கிக்குவாரு. பழைய ஸ்டேஷன் பக்கம் வளர்ந்தவங்க பாத்திருப்பீங்க.

தோட்டத்துல மெஷின் வேண்டாம். ஒரு மரப் பந்துல 'வாழப்பாடி–ஆத்தூர்'னு எழுதினா போதும். இன்னொண்ணுல 'சேலம் டவுன்–வாழப்பாடி'. ஒரு செக்ஷனுக்கு ஒரே ஒரு பந்து.

இப்போ பாருங்க. வேகக் கடிகாரத்துல மணி 8.20. ஆத்தூர்ல இருந்து கூட்ஸ் வாழப்பாடிக்கு வந்து நிக்குது. வாழப்பாடி சைடிங்ல ஒரு வேகனை விடணும்னு அட்டை சொல்லுது. 8.40-க்கு சேலம் டவுன்ல இருந்து பாசஞ்சர் கிளம்பணும்.

வேகனை விடறது லேசுன்னு தோணும். ஆனா அந்த சைடிங், கூட்ஸ் போற திசையிலேயே முன்னால பிரியுது. எஞ்சின் முன்னால இருக்கு, வேகன் பின்னால இருக்கு. நேரா உள்ளே போனா எஞ்சின்தான் சைடிங்ல போய் மாட்டும். அதனால எஞ்சினைக் கழற்றி, லூப் வழியா சுத்தி, வேகனுக்குப் பின்னால வந்து தள்ளணும். அதுக்கு மெயின் லைன், லூப் ரெண்டுமே வேணும். அந்த நேரத்துல வேற எந்த வண்டியையும் ஸ்டேஷனுக்குள்ள எடுக்க முடியாது. ஷண்டிங்குக்கு நம்ம நேரத்துல நாலு நிமிஷம். வேகக் கடிகாரத்துல 24 நிமிஷம். முடியும்போது மணி 8.44.

கார்டு என்ன பண்ணுவாரு? இப்பவே ஷண்டிங் பண்ணினா பாசஞ்சர் லேட். கூட்ஸை லூப்ல ஒதுக்கிட்டு பாசஞ்சருக்கு வழி விட்டா கூட்ஸ் லேட். சேலத்துல அந்த ஜவ்வரிசி வேகனைச் சேர்க்க வேண்டிய வண்டி போயிடும். அவரா முடிவெடுக்க முடியாது. ஸ்டேஷன் மாஸ்டரைக் கேக்கணும். அவர் கன்ட்ரோலரைக் கேக்கணும். கன்ட்ரோலர், எதையும் பாக்காம, பேப்பர்ல கோடு போட்டுக்கிட்டே சொல்வாரு: "கூட்ஸை லூப்ல போடு. பாசஞ்சரை விடு."

கூட்ஸ் ஒதுங்கி நிக்குது. அதோட டிரைவர், ஆத்தூர்ல இருந்து கொண்டு வந்த பந்தை ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஒப்படைக்கிறாரு. பாசஞ்சர் வருது. அதே பந்தை பாசஞ்சர் டிரைவர் வாங்கிக்கிட்டு ஆத்தூருக்குக் கிளம்பறாரு. அவர் கொண்டு வந்த பந்து கூட்ஸ் கைக்கு வருது. இவர் வராம அவர் போக முடியாது. காத்திருக்கிறதும் இங்கே ஒரு வேலைதான்.

இந்த விளையாட்டுல யாரும் ஜெயிக்க மாட்டாங்க. ஸ்கோர் இல்லை, லெவல் இல்லை. ஒரு ஆள் அவசரப்பட்டா எல்லாரோட நாளும் கெடும். எதுவுமே நடக்காம சாயங்காலம் எல்லா வண்டியும் போய்ச் சேர்ந்துடுச்சுன்னா, அதுதான் நல்ல நாள்.

இதை நிஜமா பாக்கணும்னா மேட்டுப்பாளையம் போங்க. தமிழ்நாட்டுல பயணிகளோட இன்னும் ஓடற மீட்டர் கேஜ் நீலகிரி மலை ரயில் மட்டும்தான். 1899-ல குன்னூர் வரைக்கும், 1908-ல ஊட்டி வரைக்கும் போச்சு. கல்லாறு தாண்டி பல்சக்கரப் பாதையில எஞ்சின் பின்னால இருந்து தள்ளும். முன்னால என்ன இருக்குன்னு டிரைவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்னு, கொடி காட்டித் தகவலைப் பின்னால அனுப்புவாரு. அந்தக் கொடியை நம்பித்தான் வண்டி ஏறுது.

தோட்டம்னா தோட்டம்தான்

ஒண்ணை மறந்துடாதீங்க. ரயிலைச் சின்னதாக்கலாம், வெயிலையும் மழையையும் 22.5-ஆல வகுக்க முடியாது. 30 மீட்டர் பித்தளைத் தண்டவாளம், 30 டிகிரி சூடு கூடினா சுமார் 17 மி.மீ. நீளும். இடைவெளி விடாம இறுக்கிப் போட்டா மத்தியானம் வளைஞ்சு நிக்கும். பித்தளை கறுத்தா கரண்ட் ஒழுங்கா ஏறாது. ஒண்ணு தினமும் தேய்க்கணும், இல்ல எஞ்சினுக்குள்ள பேட்டரி வைக்கணும். எறும்பு புத்து கட்டும். தென்னமட்டை விழுந்தா அது பெரிய மலைச்சரிவு. அதனால முதல் வண்டிக்கு முன்னால ஒருத்தர் பாதை முழுக்க நடந்து பாக்கணும். நிஜ ரயில்வேயில கீமேன் பண்ற வேலை அது.

காசு இல்லாம ஆரம்பிக்கலாம்

இந்த அளவு ரயில் இறக்குமதிதான், விலை அதிகம். அதனால ரயில் வாங்கச் சொல்லலை. மொட்டை மாடியில சாக்பீஸால மூணு ஸ்டேஷன் வரைங்க. தீப்பெட்டிதான் வேகன். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி அட்டை செய்யுங்க. ரெண்டு எலுமிச்சம்பழம் டோக்கன். நாலு பேர் சேர்ந்தா போதும், ஒரு ஞாயித்துக்கிழமை காலை ஓடிடும்.

அதுக்கு முன்னால இன்னொரு வேலை. உங்க சொந்தத்துல, தெருவுல, மீட்டர் கேஜ்ல வேலை பாத்த ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருப்பாரு. ஸ்டேஷன் மாஸ்டர், பாயின்ட்ஸ்மேன், கேட் கீப்பர், யாரா இருந்தாலும் சரி. "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?"ன்னு பொதுவா கேக்காதீங்க, பதில் வராது. தீப்பெட்டியை முன்னால வச்சு, "இந்த வேகனை இந்த சைடிங்ல எப்படி விடுவீங்க?"ன்னு கேளுங்க. அவர் கை தானா நகரும். போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. 2007-ல இங்கே மீட்டர் கேஜ்ல நின்னவங்க பலருக்கு இப்போ வயசாயிடுச்சு. தண்டவாளம் திரும்ப வராது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் சில வருஷம்தான் நம்ம கூட இருக்கும்.

சாக்பீஸ் ரயில்வே போட்டீங்கன்னா போட்டோ எடுத்து அனுப்புங்க. லைன் கிளியர் கிடைச்சாச்சு, நான் கிளம்பறேன். அடுத்த எபிசோட்ல பாப்போம். வணக்கம்.