பணமா, மனமா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர், "பணம் இருந்தாத்தான்யா சேவை" என்றார். 1985-ல் ரோட்டரி சங்கத்தார் உலகத்தை விட்டே போலியோவை விரட்ட உண்டியல் குலுக்கினாங்க. நம்ம பிள்ளைங்க முகத்தையே பார்க்காத வெளிநாட்டான் அள்ளிப் போட்டான். பெரிய மனசுதான், ஒத்துக்கிறேன். (கைதட்டல்)

ஆனா மருந்து வீரசோழனுக்கு எப்படி வந்துச்சு? 8 டிகிரிக்கு மேல சூடு ஏறக்கூடாது. நம்ம சீமையில கருவேல நிழல்லகூட அனல் அடிக்கும்! (சிரிப்பு) 1995-ல இருந்து ஐஸ் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு அலைஞ்சது அங்கன்வாடி அம்மாக்கள். "பிள்ளை தூங்குது, அப்புறம் வாங்க"ன்னா, மறுபடியும் வருவாங்க. சுண்டுவிரல்ல மை இல்லாத பிள்ளையைத் தேடித் தேடி வருவாங்க.

இயற்கைக் கிருமியால இந்தியாவில் கடைசியா போலியோ வந்தது 2011 ஜனவரியில, ஹௌரா மாவட்டத்துல. கொடுத்த டாலருக்குக் கணக்கு இருக்கு. அந்த அம்மாக்கள் நடந்த நடைக்கு? எதிரணியில அடுத்து வர்றவர் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்டுக்கிறேன்.