நம்பிக்கையும் நல்லாலோசனையும்

பெரியோர் துணையை நாடுதல் தமிழர் நெடுங்காலமாகப் போற்றி வரும் ஒழுக்கம். அதற்கெனவே 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தை வகுத்தார் திருவள்ளுவர். அரசனுக்குக் கூறிய அவ்வறம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் எளிய கிறிஸ்தவனுக்கும் பொருந்தும். அவனுடைய நம்பிக்கையைப் பிறர் வினவும்போது அது பெரிதும் வேண்டப்படுகிறது.

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். அடுத்த காம்பராவில் மாரியம்மனை வழிபடும் குடும்பம் வாழ்கிறது. இரு வீட்டாரும் ஒரே மலையில் கொழுந்து பறிக்கின்றனர். ஆதலால் அவனிடம் வினா எழுப்புவோர் பகைவர் அல்லர், அயலவரும் உறவினருமே.

"உங்கள் மதம் துரைமார் மதமன்றோ?" என்பது பழைய வினா. இதற்குச் சினம் விடையாகாது. வரலாறு அறிந்தவரிடம் கேட்டல் வேண்டும். கோப்பி பயிரிட்ட காலத்தில், 1854ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரிடையே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பெற்றது. தோட்டத்துரைமார் அதற்குப் பொருளுதவி செய்தது உண்மை. தோட்டந்தோட்டமாகச் சென்று தமிழில் போதித்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் உபதேசிமார் இருந்தனர் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் மறையாது கூறுபவரே தக்க ஆலோசகர். பாதி உண்மையைக் கற்பிப்பவர், அடுத்த வினாவிலேயே தம்மை நம்பியவனைத் தலைகுனியச் செய்வார்.

இதனினும் கடுமையான வினா ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. குடும்பங்கள் பிரிந்தன. "உன் கடவுள் நீதியுள்ளவராயின் இது ஏன் நிகழ்ந்தது?" என்று ஒருவர் வினவினால், புத்தக அறிவு மட்டும் போதாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தபோது உற்ற துணைவராயினர். அவன் துயருக்கு அவன் பாவமே காரணம் என்று வாதித்தபோது தவறினர். துயரத்தில் பங்கு கொண்டவரின் சொல்லுக்கே இங்கு மதிப்புண்டு. 1972ஆம் ஆண்டில் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கஸ்பெர்ஸ், தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காகப் பல்லாண்டு உழைத்தார். அத்தகையோர் வாழ்க்கையே விடையின் ஒரு பகுதியாகிறது.

ஆலோசகர் குருவாகவோ பட்டதாரியாகவோ இருத்தல் வேண்டுமென்பதில்லை. வேதத்தில் வல்லவனாகிய அப்பொல்லோவின் குறையைக் கண்ட ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும் கூடாரத் தொழிலாளர். அவர்கள் அவனை மற்றவர் முன் இகழவில்லை. தம்மிடம் அழைத்துச் சென்று தெளிவாக விளக்கினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அவ்வாறே பொறுமையும் வேத அறிவும் உடைய ஒரு மூதாட்டி லயத்திலேயே இருத்தல் கூடும்.

ஐயத்தைக் கேட்டவுடன் அதட்டுபவரையும், அயலவர் தெய்வத்தைப் பழிக்கத் தூண்டுபவரையும் விலக்குதல் நலம். விடை கூறுவோர் சாந்தத்தோடு கூறவேண்டும் என்பது பேதுருவின் அறிவுரை. அறியாததை "அறியேன், கேட்டு வருவேன்" என்று சொல்வதால் நம்பிக்கை குன்றிவிடாது. மறுநாட் காலையில் வினவியவனும் வினவப்பட்டவனும் ஒரே பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர்கள். அங்கே அவ்விருவரும் முகம் பார்த்துப் பேசுவாராயின், பெற்ற ஆலோசனை நல்லாலோசனையே.