கண் எனும் அருட்கொடை





கண்புரைக்கு அஞ்சிய காலம் போயிற்று. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் சிதறல்கள் உறுத்தாமல் கிடந்ததைக் கண்ட ஆங்கிலேய மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். 1992இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்டபின், அந்த லென்ஸ் ஏழைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. லென்ஸ் வைத்துக்கொண்டு மீண்டும் குர்ஆன் ஓதும் முதியோர் நம் மஹல்லாவிலேயே உளர். அல்ஹம்து லில்லாஹ்.

ஆயின் கண் நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா அத்தகையதன்று. புரை மறைத்த பார்வை திரும்பும். இந்நோயால் நரம்பு நலிந்து இழந்த பார்வை திரும்பாது. பெரும்பாலும் வலியும் இராது. ஓரப் பார்வையே முதலில் தேய்வதால், எதிரிலுள்ள எழுத்து தெளிவாகத் தெரியும், நோய் தெரியாது. அதனைக் காட்டிக் கொடுப்பது பார்வைப் பரப்புச் சோதனை. ஒரு கண்ணை மறைத்து, நடுப்புள்ளியையே நோக்கியிருந்து, ஆங்காங்கே ஒளிப்புள்ளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சற்றுச் சலிப்பூட்டும், அவ்வளவே. 40 வயதைக் கடந்தோர், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உள்ளோர், கண் மருத்துவரிடம் சென்று பார்த்துக்கொள்வது அவசியம்.

ரமலானில் நோன்பு முறியும் என்றெண்ணிச் சிலர் சொட்டு மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் கண்ணில் இடும் மருந்தால் நோன்பு முறியாது. தொண்டையில் சுவை தெரிந்தாலும் முறியாது. மனம் ஒப்பாதோர் மருத்துவரைக் கேட்டு, சஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் இடுமாறு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரமுள்ள கண்முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவதும் குறையும்.